லைட் போடுகிறவர் யார்?

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

நாட்டின் கலைக் கொள்கையை எழுதும் குழுவில் நானும் இருக்கிறேன் அல்லவா? அதற்காக, 'மேடையில் தோன்றுபவரே கலைஞர்' என்று நான் எழுதிய வரியைக் குழுவில் எல்லோரும் பாராட்டினார்கள். அதையே நான் பாடம் நடத்தும் கலை நிர்வாக வகுப்பிலும் பெருமையாகச் சொன்னேன். "அப்போ நாடகத்துக்கு லைட் போடுறவர் யாரு மேடம்?" என்றாள் ஒரு மாணவி. முப்பது வருஷம் லைட் போட்டவரின் மகளான நான் திருதிருவென விழித்தேன். வகுப்பே சிரித்தது, நானும்தான்.

வரியை மாற்றினால், "டிக்கெட் கிழிக்கிறவரையும் சேர்த்துக்கலாமா?" என்பார் குழுத் தலைவர்.

நாடகத்தின்போது இருட்டில் நீங்கள் வைத்திருந்த அந்தப் பழைய டார்ச்சை அனுப்புங்கள். இங்கேயும் கிடைக்கும், ஆனாலும் அனுப்புங்கள். மாதக் கடைசியில் கொள்கை வரைவில் கையெழுத்துப் போடவேண்டும். அதற்குள் ஒன்று மட்டும் எழுதுங்கள்: கைதட்டும்போது, விளக்குக்குப் பின்னால் இருட்டில் நீங்களும் கும்பிட்டதுண்டா?

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்