அரண்மனை முற்றம்

அன்புள்ள உனக்கு,

விவாகரத்துத் தாளை நேரில் கொடுக்கத்தான், நீ குடிபோன அக்கரைக்குப் படகேற லிஸ்பன் சதுக்கத்துக்கு இன்று மாலை போனேன். ஏறவில்லை. அதனால்தான் தபாலில் வருகிறது.

நீ வேலை முடிந்து வரும் படகுக்காக முன்பு நான் நிற்கும் அதே இடத்தில், கஷ்கொட்டை சுட்டு விற்கும் இதலினா நின்றாள். என்னைப் பார்த்ததும் கத்தினாள்.

"என்னம்மா, வீட்டுக்காரரு இன்னிக்கும் லேட்டா? இதுக்கு நீந்தியே வந்திருக்கலாம் அந்த மனுசன்!"

"அடுத்த படகுல வந்துடுவாரு" என்றேன். வாய் தானாகச் சொன்னது. இரண்டு பேருக்கும் சேர்த்துப் பொட்டலம் கட்டினாள். வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வருவதற்குள் ஆறிவிட்டது.

அந்தச் சதுக்கத்தில் இருந்த அரண்மனை நிலநடுக்கத்தில் விழுந்து இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகிறது. வணிகச் சதுக்கம் என்று பெயரும் மாற்றியாகிவிட்டது. இருந்தும் நம் ஊரில் எல்லோருக்கும் அது இன்னும் அரண்மனை முற்றம்தான். அங்கே அரண்மனை இருப்பதாக யாரும் நம்பவில்லை. வாய்ப் பழக்கம், அவ்வளவுதான்.

தாளில் மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், சரிபார்த்துக்கொள். யாராவது கேட்டால் உன்னை என் வீட்டுக்காரர் என்றுதான் இன்னும் கொஞ்ச காலம் சொல்வேன். கேள்விப்பட்டால் திருத்த வராதே.

இப்படிக்கு,
இக்கரையில் இருப்பவள்