பலகையில் என் உருவம்

செவ்வாய், இரவு

அரியமங்கலம் தச்சுப் பட்டறையில் வேலை கற்கச் சேர்ந்த முதல் நாள். மேஸ்திரி என்னைவிடச் சின்னவர்.

"சார், இந்தப் பலகை மேல படுங்க. எம்.ஏ. படிச்ச முதுகைத் தாங்குதான்னு பார்ப்போம்" என்று சிரித்தார். படுத்தேன். என்னைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். எழுந்த பிறகுதான், சவப்பெட்டிக்கு அளவு என்றார்.

"யாருக்குங்க?"

"சொல்லலை சார். நேத்து உங்க அண்ணன்தான் வந்து ஆர்டர் குடுத்தாரு. நாளைக்கு என் தம்பி வருவான், அவன் உயரம் சரியா இருக்கும்னாரு."

என் பங்கையும் சேர்த்து அப்பா வீட்டை விற்றவன். அதிலிருந்து பேச்சில்லை. பட்டறையில் சேரப்போவதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணனும் என் உயரம்தான். ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உனக்கா, எனக்கா என்று எப்படிக் கேட்பது?