மேசையில் வைக்காத விளக்கு

நேற்று மாலை உன் துணைவியார் மாரியம்மாள் உன் பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கைத் துடைத்து என் கையில் தந்தார். அவருக்கு அதன் கனம் இப்போது தாங்கவில்லை. மூடியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் மணம் எழுந்தது. நண்பா, அந்த மணத்தோடு நீயும் வந்து நின்றாய். தோளில் துண்டு, வாயில் கேலி.

இராசபாளையம் கடைத்தெருவில் நீ விளக்குகளை வாடகைக்கு விட்ட எண்பதுகளில், நான் பேசிய மேடைகளுக்கெல்லாம் நீதான் ஒளி. விளக்கினுள் தொங்கும் வெண்ணிறச் சிறு பையை மேண்டில் என்பாய். முதல் தீயிலேயே அதன் நூல் எரிந்துபோகும். எஞ்சும் சாம்பற்கூடு பகல்போல் ஒளிரும். "நூலு எரிஞ்ச பொறவு எதுலே வெளிச்சம் குடுக்குது?" என்று ஒருநாள் கேட்டாய். விடை தேடித் திருவில்லிபுத்தூர் நூலகத்துக்குப் போனேன்.

தோரியம் என்னும் அரிய உலோகம் அது. நார்வே நாட்டுத் தீவொன்றில் கிடைத்த கருங்கல்லை ஆராய்ந்து, சுவீடன் நாட்டு வேதியியலார் ஒருவர் அதனைக் கண்டறிந்தார். தம் முன்னோர் வணங்கிய இடிக்கடவுளின் பெயரைச் சூட்டினார். பெரும்பயனின்றி நெடுங்காலம் கிடந்ததை விளக்குக்குக் கொணர்ந்தவர் வேறொருவர். நம் குமரிக் கடற்கரையின் கனத்த மணலிலும் அது உறைகிறது. அம்மணலைப் பிரித்தெடுத்து, காரத்தில் வேகவைத்து, அமிலத்தில் கரைத்து, உப்பாக எடுப்பார்கள். அந்த உப்புநீரில் தோய்ந்த நூலே உன் மேண்டில். நூல் போனபின் நிற்பது தோரியத்தின் கூடு. அது தீயில் உருகாது. ஆனால் ஓர் அதிர்வு போதும், உதிர்ந்துவிடும்.

இதை நான் முழங்க, நீ சிரித்தாய். "இடிச்சாமிய நீயே வச்சுக்க. வாயால எம்புட்டு வேணும்னாலும் அடி. கையால மட்டும் மேசைய அடிச்சிராதலே!"

மம்சாபுரத்தில் அடித்தேன்.

கருவுற்ற ஒருத்திக்கு விடுப்புக் கேட்டதற்காக, மாரியம்மாளையும் உடன் நின்ற பெண்களையும் நூற்பாலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். மறுநாள் காலை ஊர்த் தொழிலாளர் அனைவரும் ஆலைவாயிலிலேயே நின்றுவிட்டால் வேலை மீளலாம். வழக்கம்போல் உள்ளே போய்விட்டால் வேலை போனதுதான். அவர்களை நிற்கச் செய்யவே அந்தக் கூட்டம். நான் தொடங்கியதும் மின்சாரம் போயிற்று. எரிந்த மேண்டில் மிதிவண்டிக் குலுக்கலைத் தாங்காது என்பதால், வழக்கப்படி அங்கேயே புதியதைக் கட்டி எரித்து விளக்கை என் மேசையில் வைத்தாய். நீதி கேட்ட வேகத்தில் என் கை மேசைமேல் இறங்கியது. கூடு உதிர்ந்தது. இருள்.

"ஏலே, அண்ணாச்சி குத்துன குத்துல வெளக்குக்கு உசுரு போயிருச்சு!"

சிரிப்பு எழுந்தது. அதனினும் கொடியது, பாய் சுருட்டும் ஓசை. "வாங்க, போவோம். விடிஞ்சா மில்லுக்குப் போகணும்லா."

"செத்த நேரம் இருங்க தாயி..." இருளில் மாரியம்மாளின் குரல் உடைந்தது.

இருந்த கடைசி மேண்டிலை நீ கட்டினாய். ஒளி வந்தது. விளக்கை மேசையில் வைக்கவில்லை. கைப்பிடியில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தூங்கும் குழந்தையைத் தூக்கிச் செல்பவன்போல் மேடையைவிட்டு இறங்கினாய்.

"எங்கலே கொண்டு போற?"

"அவியளப் பாக்கட்டும். உன் மூஞ்சிய ஊரே பாத்திருக்கு."

வேலையிழந்த பெண்கள் அமர்ந்திருந்த இடத்தில் விளக்கை உயர்த்திப் பிடித்தாய். நான் இருளில் நின்றேன். நெஞ்சில் சொற்கள் நிறைந்திருந்தன, ஒன்றும் தேவைப்படவில்லை. கருவுற்ற அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மாரியம்மாள் மூடவில்லை, ஊரை நேராகப் பார்த்தார். உன் கை வலித்திருக்கும், மேண்டில் அசையவில்லை.

ஆலைக்காரி ஒருத்தி, சுருட்டிய பாயை மீண்டும் விரித்தாள். "ஏட்டி மாரி, அழாத. நாளைக்கு நான் உள்ள போகல. உன்கூட வாசல்ல நிக்கேன்." அடுத்தடுத்துப் பாய்கள் விரிந்தன.

மறுநாள் ஊரே வாயிலில் நின்றது. மாரியம்மாளும் மற்றப் பெண்களும் வேலைக்குத் திரும்பினார்கள். தொண்ணூறுகளில் ஜெனரேட்டர் என்னும் மின்னாக்கிகள் வந்தபோது நீ வருந்தவில்லை. அவற்றையும் வாங்கி வாடகைக்கு விட்டாய்.

இன்றும் மேடையில் என் கை மேசைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிடுகிறது. இளைய பேச்சாளர்கள் அதை என் பாணி என்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

நாளை திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் உன் நினைவுக் கூட்டம். நான் பேச வேண்டும். மேண்டில் ஒன்று தேடி வாங்கிவிட்டேன். அங்கேயே கட்டி எரிப்பேன். மாரியம்மாள் எங்கே அமர்கிறாரோ அங்கே விளக்கு நிற்கும். நான் இருளில் நின்று பேசிக்கொள்கிறேன்.