கையைத் தூக்கவில்லை

டிசம்பர் 14, இரவு

அடையாறு ஹோட்டலில் இன்று எங்கள் சல்சா நடன இசைக் கச்சேரி. பாட்டின் கடைசிப் பகுதியில், பாடகியான நான் கையைத் தூக்கும்வரை வாத்தியக்காரர்கள் வாசித்ததையே வாசிக்க வேண்டும். அதுதான் வழக்கம். மேடையேறும்போதே கீபோர்டு சுரேஷ் சொன்னான்: "ரெண்டு வரி பாடிட்டு கையைத் தூக்கிடு. அப்புறம் என் சோலோ. நீ சும்மா சிரிச்சிக்கினு நில்லு, போதும்."

நான் தூக்கவே இல்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் தமிழில் பாடினேன், மந்தைவெளி ஆட்டோக்காரரோடு காலையில் போட்ட சண்டை உட்பட. ஆடியவர்கள் யாரும் உட்காரவில்லை. சுரேஷ் அதே நாலு கட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

இறங்கியதும், "இன்னா திமிரு உனக்கு!" என்றான்.

"கீது. இப்ப இன்னா?" என்றேன்.

வேறு பாடகியைத் தேடப்போகிறானாம். தேடட்டும். அவளுக்கும் ஒரு கை இருக்கும்.