வர்றேன் என்றவள்

அசுயெசோ, கானா
12 ஜனவரி 1997

என் வெள்ளைக்காரத் தங்கச்சி நெரிஸுக்கு,

செர்வா அக்கா எழுதுவது. நீயும் அப்பாவும் சுகமா? இங்கே வடகாற்றுத் தூசியில் மைதானமே தெரியவில்லை. பிள்ளைகள் பந்தைக் காதால் தேடி ஆடுகிறார்கள். நீ விசில் ஊதினால் ஊரே நிற்கும், நான் ஊதினால் ஆடுகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. கணக்கு டீச்சரைக் கோச் ஆக்கிவிட்டுப் போனாயே, உனக்கே நியாயமா?

பக்கத்து ஊரோடு ஆட்டம். பந்து கோட்டைத் தாண்டியதை நடுவர் பார்க்கவில்லை. நம் கோல்கீப்பர் போகுவா தானாகவே கையைத் தூக்கி, "கோல்தான் சார்" என்றாள். தோற்றோம். "ஏன்டி சொன்ன?" என்று கேட்டால், "பொய் சொல்லி ஜெயிக்கக் கூடாதுன்னு கோச் சொன்னாங்க" என்கிறாள். நீ கற்றுக்கொடுத்த பாடம், நான் படுகிறேன்.

அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். குமாசி நகரத்தில் ஒரு துணிக்கடைக்காரி வீட்டு வேலைக்கு அவளை அனுப்பச் சொல்லிக் கேட்டு வந்திருக்கிறார்கள். அம்மா இல்லாத பிள்ளை. தாய்மாமன் ஒடூரோ வைத்ததுதான் சட்டம். போனால் படிப்பும் போச்சு, பந்தும் போச்சு. சண்டைக்குப் போனேன். மனிதர் சொன்னார்: "டீச்சரம்மா, போகுவாவைக் காட்டி 'இனி இவ உன் பிள்ளை'ன்னு நான் சொன்னதுக்கு, அந்த வெள்ளைக்காரப் பொண்ணு பஸ் ஏறும்போது என் கையைப் பிடிச்சு 'மெரெபா', வர்றேன்னு சொல்லிச்சு. அது வர்ற வரைக்கும் அனுப்ப மாட்டேன். ஆனா எப்ப வருது?"

எப்போது வருகிறாய் என்று எழுது. ஒரு வரி போதும்.

வர்றேன்,
உன் அக்கா செர்வா


லான்வேல், வேல்ஸ்
3 பிப்ரவரி 1997

அன்புள்ள செர்வா அக்கா,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. ஊட்டிவிடுவதும் நான்தான், குளிப்பாட்டுவதும் நான்தான். என்னை விட்டால் அவருக்கு ஆள் இல்லை. என்னால் வர முடியாது அக்கா. இந்த வருஷம் மட்டுமல்ல, எப்போதுமே முடியுமா தெரியவில்லை.

அந்த வார்த்தையை நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்? "போறேன்னு சொல்லாதேடி, செத்தவங்கதான் போவாங்க, வர்றேன்னு சொல்லு" என்று? கிணற்றடிக்குப் போனால்கூட எல்லோரும் அப்படித்தானே சொன்னீர்கள். நானும் மரியாதைக்குச் சொன்னேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார் என்று படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போகுவாவுக்குக் கையுறை அனுப்பியிருக்கிறேன். பழையதில் பெருவிரல் கிழிந்திருந்தது. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

அன்புடன்,
நெரிஸ்


அசுயெசோ
27 பிப்ரவரி 1997

தங்கச்சி,

அப்பாவுக்காகச் சர்ச்சில் எல்லோரும் முழந்தாளிட்டோம். உன் டீம் பெண்கள் பாடியே ஆகணும் என்று நின்றார்கள். பாட்டு எப்படி இருந்தது என்று கேட்காதே.

நீ சொன்னது சரி. அது மரியாதைச் சொல்தான். ஆனால் நாங்கள் சொல்லும்போது எங்கள் வீடு, அடுப்பு, கோழி எல்லாம் இங்கே இருக்கிறது. வராமல் எங்கே போவோம்? உனக்கு இங்கே அந்தச் சொல்லைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அதனால்தான் ஒடூரோ அதை இப்படிக் கெட்டியாகப் பிடித்திருக்கிறார்.

என்ன செய்யட்டும் என்று கேட்டாய். ஒன்றும் செய்யாதே. வர முடியாது என்று இங்கே யாருக்கும் எழுதாதே. நீ திரும்ப வாங்காதவரை உன் சொல் நிற்கும். அவர் முரடர், ஆனால் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். ஜூனில் போகுவா பரீட்சை எழுதிவிட்டால் அரசு விடுதிப் பள்ளியில் இடம் வாங்கிவிடுவேன். இடம் கிடைத்த பிள்ளையை அவரே வேலைக்கு அனுப்ப மாட்டார், ஊர் சிரிக்கும். அதுவரை நீ வந்துகொண்டே இரு. அவ்வளவுதான் கேட்கிறேன். உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

வர்றேன்,
செர்வா அக்கா


லான்வேல்
18 மார்ச் 1997

அன்புள்ள அக்கா,

என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள்.

நீங்கள் சொன்னபடி சும்மா இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு மனிதர் என்னை நம்பி வழியைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் இங்கே வாயை மூடிக்கொண்டு இருப்பதா? பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிட்டு நான் ஒன்று செய்வதா? ஒடூரோ மாமாவுக்கு நேராக எழுதிவிட்டேன். வர முடியாததற்கு மன்னிப்புக் கேட்டேன். போகுவாவுக்கு நல்ல மூளை, தயவுசெய்து படிக்க வையுங்கள் என்றும் எழுதினேன். அவர் நல்ல மனிதர். உண்மையைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

அவளுக்குக் கையுறை சரியாக இருந்ததா? எழுதுங்கள்.

அன்புடன்,
நெரிஸ்


அசுயெசோ
14 ஏப்ரல் 1997

நெரிஸ்,

உன் கடிதத்தைச் சர்ச் உபதேசியார் வாசித்துக் காட்டினாராம். ஒடூரோ கடைசிவரை கேட்டிருக்கிறார். கோபப்படவில்லை. என்னைப் பார்த்ததும், "நல்ல பொண்ணு டீச்சர். சொன்ன சொல்லை முறையா திருப்பி வாங்கிக்கிச்சு. இனி இவ என் பிள்ளை" என்றார். நீ புகழ்ந்து எழுதியதெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை.

அவர் வாசலில் போய் உட்கார்ந்தேன். அழுதேன். ஜூன் வரை பொறுங்கள் என்றேன். எனக்குச் சாப்பாடு போட்டார், தண்ணீர் கொடுத்தார், மனசை மட்டும் மாற்றவில்லை. நான் யார்? வெறும் டீச்சர்.

நேற்று அவளைக் குமாசி லாரியில் ஏற்றினார். கையுறை சரியாகத்தான் இருந்தது. அதை என்னிடமே கொடுத்து, "அடுத்து கோலில நிக்கிறவளுக்குக் கொடுங்க மேடம்" என்றாள். லாரி நகர்ந்தபோது, "போறேன் மேடம்" என்றாள். கூடவே ஓடி, "அப்படிச் சொல்லாதேடி, வர்றேன்னு சொல்லு" என்றேன்.

"பொய் சொல்லக் கூடாதுன்னு கோச் சொல்லியிருக்காங்க மேடம்" என்றாள்.

அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள். இனி எனக்கு எழுதாதே. உன்மேல் கோபம் இல்லை என்று எழுத வந்தேன், எழுதவில்லை. உனக்குத்தான் பொய் பிடிக்காதே.

செர்வா