சத்தமில்லாத பாட்டுக்குத் தாளம்

வரிச்சிக்குடி,
வியாழக்கிழமை.

அன்புள்ள சிவராமனுக்கு, அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், பாரிஸில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று காரைக்கால் அம்மையாரை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாம், ஆனால் அப்பா பக்கத்தில் நின்று கதையைத் தனக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவார். குறுவை நடவு முடிந்தது, இந்தத் தடவை தண்ணீர் நம் வயல் வரைக்கும் ஒழுங்காக வந்தது.

நீ காருக்கு வாங்கி அனுப்பிய திரை வைத்த ஸ்டீரியோவைக் காரைக்காலில் ஒரு கடையில் மாட்டினோம், அன்றிலிருந்து இங்கே நடந்த கூத்தைக் கேள். அப்பாவின் இடது காது கொஞ்சம் மந்தம், மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகும் என்று டாக்டர் சொன்னதும், மோசமானால் காரை விற்றுவிடலாம் என்று நீ சொன்னதும் நினைவிருக்கும். நீ அக்கறையில்தான் சொன்னாய், அவருக்கு அது தைத்துவிட்டது. புதுப் பெட்டியில் பாட்டைப் போட்டால் திரையில் படம் ஓடுகிறது, அவர் காதில் ஒன்றும் விழவில்லை. சரி, காது போய்விட்டது, இனி கார் இல்லை என்று மனுஷன் முடிவே கட்டிவிட்டார். எனக்குத் தெரியக் கூடாதே என்று ஸ்டியரிங்கில் தாளம் போட்டுத் தலையை வேறு ஆட்டினார். பக்கத்தில் இருந்த எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இவர் இவ்வளவு ரசிக்கிறாரே, அப்படியானால் போனது என் காதுதான், எல்லாம் என் சர்க்கரை வியாதி செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு இருக்கிற கவலை போதாதா என்று, பாட்டு எப்படி என்று அவர் கேட்டபோது நன்றாக இருக்கிறது என்றேன். ஒரு வாரமாகக் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் இப்படித்தான் தலையாட்டிக்கொண்டே போய் வந்தோம்.

செவ்வாய்க்கிழமை, அப்பாவோடு படித்த ஜெய்னுலாபுதீன் அண்ணன் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்து ஏற்றிக்கொண்டோம். பின்சீட்டில் உட்கார்ந்ததும், "என்னப்பா சோமு, படம் ஓடுது, சத்தத்தையே காணோம்?" என்றார். அப்பா வண்டியை ஓரங்கட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஏன் வல்லி, உனக்கும் கேக்கலியா?" என்றார். இல்லீங்க என்றேன்.

நேரே கடைக்குப் போனோம். நம் காரில் கம்பெனியிலேயே சீட்டுக்கு அடியில் ஒரு ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிறார்களாம், ஸ்பீக்கருக்குச் சத்தம் கொடுப்பது அதுதானாம். புதுப் பெட்டியிலிருந்து ஒரு நீல ஒயர் போய் அதை எழுப்ப வேண்டும், அதை இணைக்காமல் டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். மாட்டிய அன்று பக்கத்து வண்டியில் பாட்டு அலறிக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. ஒயரைச் சேர்த்ததும், காதில் கொஞ்சமாவது விழாதா என்று நாங்கள் ஆளுக்கு ஆள் திருட்டுத்தனமாக ஏற்றி வைத்திருந்த சத்தமெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பியது, ஜெய்னுலாபுதீன் அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டார். அப்பா நடுத்தெருவில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நேற்று டாக்டரிடமும் காட்டிவிட்டோம், மந்தம் கூடவில்லை, தாராளமாக ஓட்டலாம் என்றார். என் காதும் நன்றாகவே இருக்கிறதாம். இனிமேல் காரை விற்கிற பேச்சை எடுக்காதே.

சிரித்து முடித்த பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரே வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே இரண்டு பேரும் இவ்வளவு பயத்தை மறைத்திருக்கிறோம். நீயோ எங்கேயோ தூரத்தில் இருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இருமிக்கொண்டே இருந்தாய், கேட்டால் ஒன்றுமில்லை என்றாய். நீ எங்கள் பிள்ளை, அதனால் அதை நான் நம்பவில்லை. டாக்டரைப் பார், அவர் சொன்னதை உள்ளது உள்ளபடி எங்களுக்குச் சொல்.

நோய்நொடி இல்லாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் அம்மா,
பங்கஜவல்லி