ஃபாயில் பலகைகள் முதலில் கிளம்பட்டும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மூன்று பேரும் சுகம். போன தடவை போனில் வீடு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று கேட்டாய், டிவி ரிப்பேர் என்று சொன்னேன். டிவிக்கு ஒன்றும் இல்லை. உங்க அப்பாவும் உன் தம்பி கொக்கும் பத்தொன்பது நாள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே மேஜையில்தான் சாப்பாடு, உப்பு வேண்டுமென்றால் இரண்டு பேரும் என்னிடம் கேட்பார்கள், நான் இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுப்பேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை இவ்வளவு மதித்தது இப்போதுதான்.

விஷயம் இதுதான். நீ இங்கே இருந்தவரைக்கும் நம் ஏரி கிளப்பில் பாய்மரப் பாய் கட்டின பலகை என்றால் தண்ணீர்மேல் சறுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். இப்போது ஃபாயில் என்று ஒன்று வந்திருக்கிறது. பலகைக்கு அடியில் ஒரு நீளக் கால், அந்தக் காலின் நுனியில் பொம்மை விமானத்தின் இறக்கை மாதிரி ஒன்று. வேகம் பிடித்தால் இறக்கை மட்டும் தண்ணீருக்குள் இருக்கும், பலகையும் ஆளும் மேலே எழும்பி சத்தமே இல்லாமல் பறப்பார்கள், மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வேகம். கொக்கு பழசாக ஒன்று வாங்கிவிட்டான், அவனோடு சேர்த்து ஐந்து பேரிடம் இருக்கிறது. அந்த இறக்கையின் ஓரம் என் கத்தரிக்கோலுக்குச் சமம். ஒரு நாள் பழகும்போது, தண்ணீரில் விழுந்து கிடந்த பேக்கரிக்காரர் தலைக்கு ஒரு கை தூரத்தில் நம் ஆள் பறந்து போனான். பேக்கரிக்காரருக்கே தெரியாது, அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். உங்க அப்பா மீட்புப் படகில் இருந்து பார்த்துவிட்டார். அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார், அந்தக் கத்தி மத்தவங்களோட போட்டியில இறங்கினா நான் படகுச் சாவியைத் தொடமாட்டேன் என்று. மீட்புப் படகு இல்லாமல் போட்டி கிடையாது என்பது உனக்கே தெரியும். அப்பாவுக்கு வயசாயிடுச்சு, பயம் வந்துடுச்சு என்று கொக்கு சொன்னான். அதோடு டிவி ரிப்பேர்.

கிளப்பை நடத்துகிற பல் டாக்டர் இதற்காக ஒரு கூட்டம் போட்டார். என் பாய் தைக்கிற ரூமில்தான், பெரிய மேஜை அங்கேதானே இருக்கிறது. என்னை யாரும் கூப்பிடவில்லை, எழுந்து போகச் சொல்லவும் இல்லை. ஃபாயிலைச் சேர்க்காவிட்டால் ஐந்து பேரும் வேறு ஏரிக்குப் போய்விடுவார்கள், சேர்த்தால் படகு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டு, எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்கிற மாதிரி ஒவ்வொருத்தரையும் பார்த்தார். அந்தக் கால் எவ்வளவு நீளம் என்று உங்க அப்பா கேட்டார். கொக்கு டாக்டரைப் பார்த்து, தொண்ணூறு சென்டிமீட்டர்னு அவர்கிட்ட சொல்லுங்க என்றான். காதுல விழுந்துச்சுன்னு அவன்கிட்ட சொல்லுங்க என்றார் இவர். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு நாற்காலி. டாக்டர் பாவம், வந்ததற்குப் போஸ்ட்மேன் வேலையும் பார்த்தார்.

ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் எல்லாம் சட்டென்று முடிவாகிவிட்டது. சிக்கல் யார் முதலில் கிளம்புவது என்பதில். நம் கிளப்பில் மூத்தவர்கள் முன்னால், சின்னவர்கள் ஐந்து நிமிஷம் கழித்துப் பின்னால், அதுதானே வழக்கம், மரியாதை. ஃபாயில் வைத்திருக்கிற ஐந்து பேரும் சின்னவர்கள், அதனால் ஃபாயில் கடைசி என்று டாக்டர் எழுதிவிட்டார், எல்லோரும் தலையை ஆட்டினார்கள், கொக்கு உட்பட. எனக்கு மனசு கேட்கவில்லை. மேஜைமேல் சாக்பீஸால் ஏரியை வரைந்தேன், பொத்தான்கள் பழைய பலகை, நூல் பாபின்கள் ஃபாயில் என்று வைத்து, மரியாதைப்படி நகர்த்திக் காட்டினேன். முதல் திருப்பத்தில் பொத்தான்கள் கும்பலாகத் திரும்பும்போது பாபின்கள் பின்னால் வந்து மோதி இரண்டு பொத்தான் மேஜைக்குக் கீழே உருண்டு போயின. அதுல பெரிசு யாரும்மா என்று பேக்கரிக்காரர் கேட்டார். நீங்கதான் என்றேன். டாக்டர் எழுதின தாளைக் கிழித்தார்.

அதற்கப்புறம் உங்க அப்பாவே வாயைத் திறந்தார். வேகமா போறவன் முதல்ல கிளம்பட்டும், அவனுக்குத் தனி வழி இருக்கட்டும் என்றார். கரையில் நிற்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று திருப்ப மிதவையை இடுப்பளவுத் தண்ணீரில் போடுகிறோம் அல்லவா, அங்கே இந்தக் கால் தரை தட்டினால் ஆள் தலைகுப்புறப் போவான், ஃபாயிலுக்கு மிதவை ஆழத்தில்தான் என்றார். முன்னால் யாராவது விழுந்து கிடந்தால் சுற்றிப் போகலாமா என்று கணக்குப் போடக் கூடாது, தூரத்திலேயே பலகையை இறக்கிவிட வேண்டும், போட்டி போனாலும் சரி. இதைச் சொல்லும்போது டாக்டரைப் பார்க்கவில்லை, கொக்கைப் பார்த்தார். ஒரு தடவை பார்ப்போம், யார் மேலயாவது பட்டுச்சுன்னா சாவி மேஜைக்கு வந்துடும் என்று முடித்தார். நான் புது மிதவைகளுக்கு ஆரஞ்சு உறை தைத்தேன், கரையில் தூக்கிக்கொண்டு நடக்கும்போது யார் காலையும் கிழிக்காமல் இருக்க இறக்கைகளுக்கும் ஐந்து உறை. கொக்கு தன்னுடையதில் பூப்போட்ட துணி வேண்டாம் என்றான். பூப்போட்டதுதான் மிச்சம் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை போட்டி. நல்ல காற்று. ஃபாயில் ஐந்தும் முதலில் கிளம்பி ஆழத்தில் போய்க்கொண்டிருக்கிறது, பழைய பலகைகள் கரைப் பக்கம். கொக்கு கடைசிச் சுற்றில் முதல் ஆளாக வருகிறான், பூப்போட்ட உறைக்காரன் ஜெயிக்கப் போகிறான் என்று நான் பெருமையில் ஊசியைத் தொலைத்துவிட்டேன். அப்போதுதான் பேக்கரிக்காரர் பாய்க்கயிறு அறுந்தது. மாற்றுங்கள் என்று நான் மூன்று தடவை சொன்ன கயிறு. காற்று அவரைத் தள்ளிக்கொண்டு போய் ஃபாயில் வழிக்கு நடுவில் விட்டுவிட்டது, தண்ணீரில் தலை மட்டும் தெரிகிறது. பக்கத்தில் இடம் இருந்தது கண்ணு, சுற்றிப் போயிருக்கலாம், நானே கரையில் இருந்து பார்த்தேன். கொக்கு எங்கேயோ தூரத்திலேயே பாயை விட்டான், பலகையைத் தண்ணீரில் இறக்கினான், தானும் தொப்பென்று விழுந்து இரண்டு கையையும் தூக்கினான். பின்னால் வந்த நாலு பேரும் அதைப் பார்த்துத் தூரத்திலேயே பலகையை இறக்கி, மெதுவாக அகலமாகச் சுற்றிப் போய்விட்டார்கள். நம் ஆள் கடைசி.

உங்க அப்பா படகு கொக்கைத் தாண்டிப் போய் முதலில் பேக்கரிக்காரரை ஏற்றியது, அதுதான் முறை. பிறகு திரும்பி இவனிடம் வந்தது. பேக்கரிக்காரர் எனக்குச் சொன்னார், இவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, டேய், உன் மேல எங்கேயும் படலையே என்று கேட்டாராம். இல்லப்பா என்றானாம். அவ்வளவுதான். சாயங்காலம் உப்பை நேராக அவனிடமே கேட்டார், எனக்கு வேலை போய்விட்டது.

ஃபாயில் இனி எல்லாப் போட்டியிலும் உண்டு. ஆனால் இரண்டு வழியை ஒரு படகால் பார்க்க முடியாது, பேக்கரிக்காரர் கிட்ட போகவே எனக்கு நேரமாயிடுச்சு, இன்னொரு படகும் ஆளும் வேணும் என்று அப்பா டாக்டரிடம் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். ஆள் யார் என்று கேட்டதற்கு என்னைக் கை காட்டியிருக்கிறார். நீச்சலில் என் மூச்சு அவருடையதைவிடப் பெரிது என்று இத்தனை வருஷம் கழித்து, அதுவும் ஊரார் முன்னால் ஒத்துக்கொண்டார். தினமும் காலையில் படகு ஓட்டக் கற்றுத் தருகிறார், ரிவர்ஸில் மட்டும் கத்துகிறார்.

நீ வேலைக்குச் சைக்கிளில் போகும்போது ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டாமல் தலையில் மாட்டு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் உப்புக்கு ஆள் தேடாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் போன் பண்ணாதே, பண்ணினால் யாரும் எடுக்க மாட்டோம், மூன்று பேரும் தண்ணீரில் இருப்போம்.

இப்படிக்கு, இரண்டாவது மீட்புப் படகு,
உன் அம்மா